ஒற்றைப் பயனர் முறையில் ஒரு பிற்பகல்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் புறப்படும்போது காத்தான்குடியிலிருந்து அழைப்பு வந்தது. "தங்கச்சி, நஸ்லியா மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றார் அவருடைய கணவர். நோய் முற்றியிருந்தது தெரிந்ததுதான். ஆனாலும் போட்ட செருப்போடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் ஒன்பது வருடம் நானும் நஸ்லியாவும் பக்கத்துப் பக்கத்து மேசை. அக்கா என்ற உரிமையில் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தொலைபேசியில் அதட்டியதை வார்டுகளில் வேலை செய்த நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்: "அரை மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் உள்ளுக்கு வராதீங்க. கையால எழுதுங்க." சர்வரில் பழுது பார்ப்பதென்றால் அதை ஒற்றைப் பயனர் முறைக்குக் கொண்டுபோவார். மற்ற எல்லோருடைய இணைப்பும் அறுந்து, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் மட்டுமே மிஞ்சுவார். கடைசி வார்டுக்கும் சொல்லி முடிக்காமல் அவர் தொடங்கியதே இல்லை. எனக்கு அது வீண் தாமதமாகப் பட்டது.

அவர் ளுஹர் தொழப் போயிருந்த ஒரு நாள், மின்சாரம் போய் வந்ததில் சர்வர் பிழை காட்டியது. வார்டுகளின் இணைப்பை நிறுத்தாமலே டிஸ்க்கைத் திருத்தும் கட்டளையைக் கொடுத்தேன். ஆபத்து என்று திரை எச்சரித்தது. சம்மதம் என்று அழுத்தினேன். சற்று நேரத்தில் இரத்த வங்கியிலிருந்து பதற்றமாகக் கேட்டார்கள், இரத்தம் கொடுத்தவர்களின் விவரம் எங்கே என்று.

ராத்தா ஓடி வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"முதல்ல எல்லாரையும் நிப்பாட்டு புள்ள. பிறகு அழு."

ஒற்றைப் பயனர் முறையில் இருந்து மீட்கக்கூடியதை மீட்டார். அழிந்ததைக் காகித அட்டைகளைப் பார்த்துத் திரும்பப் பதிந்தோம். கிரானிலிருந்து பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அவளுக்குப் பொருந்தும் இரத்தத்தின் அட்டையை முதலில் தேடியெடுத்து, இரண்டு தரம் உரத்து வாசித்து, கொடுத்தனுப்பினார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

மறுநாள் மருத்துவமனைப் பணிப்பாளர் விசாரித்தார். "நாங்க ரெண்டு பேரும்தான் பொறுப்பு சேர்" என்றார் ராத்தா. என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்ல சேர், நான்தான் செஞ்சன்" என்றேன்.

வெளியே வந்ததும் சொன்னார்: "நீ சொல்லாட்டியும் காட்டிக் குடுத்திருக்க மாட்டன். ஆனா உன்னோட பிறகு கதைச்சிருக்கவும் மாட்டன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை காத்தான்குடி வீட்டில், அடக்கத்துக்கு ஆண்கள் போனபின், ராத்தாவின் மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். "உம்மா வேலையில எப்படி அன்ரி?" என்று கேட்டாள். அந்த நாளைத்தான் சொன்னேன், என் பிழையிலிருந்தே தொடங்கி. சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. ராத்தாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.