பில்டிங்கை எக்ஸ்ப்ளோட் பண்ணியவன்

பொலிஸார் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கியபோது என் மடியில் ஒரு மூன்று மாடிக் கடை இருந்தது. அக்குறணை ஹாஜியாருக்காக மடிக்கணினியில் நான் கட்டிய மொடல். எங்கள் கண்டிக் கம்பனிக்கு அந்த வித்தையைக் கொண்டுவந்தவன் நான்தான். என்னைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதலாளி முடிவாகச் சொல்லியிருந்தார்: "ஹாஜியார் ஓமெண்டால் கொம்பியூட்டர் நிக்கும். இல்லாட்டி கையாலை கீற உமக்குப் பழைய டி-ஸ்குயரும் பென்சிலுந்தான்."

யுத்த காலம். பஸ்ஸில் எங்கள் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள். எனக்கு அந்த உறுப்பு சிறுவயதிலிருந்தே சரியாக மூடுவதில்லை.

கட்டுகஸ்தோட்டை நெருங்கியபோது, அலுவலகத்தில் அதே மொடலைத் திருத்திக்கொண்டிருந்த ராஜு போன் எடுத்தான்.

"அண்ணே, எல்லாம் ஒரே பிளொக்கா ஒட்டிக்கிட்டு நிக்குது. கதவ நகத்தவே முடியல."

ஒட்டிக் கிடப்பதைத் தனித்தனியாகப் பிரிக்கும் கட்டளைக்கு 'எக்ஸ்ப்ளோட்' என்று பெயர். பெயர் வைத்தவர் எங்கள் பஸ்ஸில் போயிருக்க மாட்டார். லைன் கிளியரில்லை. கத்தினேன்.

"எக்ஸ்ப்ளோட் பண்ணு! என்ன, கேக்கேல்லையோ? முழு பில்டிங்கையும் எக்ஸ்ப்ளோட் பண்ணடா!"

என் தமிழ் பஸ்ஸில் பாதிப்பேருக்கு விளங்கவில்லை. இரண்டு ஆங்கிலச் சொற்கள் எல்லோருக்கும் விளங்கின. பக்கத்து சீட் காலியானது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அதில் உட்காரவில்லை.

சோதனைச் சாவடியில் கொண்டக்டர் என்னைக் கைகாட்டினார். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்: "எந்த பில்டிங்?"

"கடை, மாத்தயா. இன்னும் கட்டவில்லை."

"கட்டாததை எப்படி உடைப்பாய்? செய்து காட்டு."

மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு பொலிஸார் பின்னுக்கு நகர்ந்தார்கள். கட்டளையை அழுத்தினேன். கடை அசையாமல் நின்றது. பிரிவது உள்ளுக்குள்தான், வெளியே தெரியாது.

"அவ்வளவுதானா?" அவர் குரலில் ஏமாற்றம்.

ஆனாலும் என்னை விடவில்லை. ஹாஜியாருக்குப் போன் போனது. வேனில் வந்திறங்கியவர் திரையை உற்றுப் பார்த்து, தன் கடைதான் என்று சொல்லி என்னை மீட்டார்.

வேனில் மெதுவாகக் கேட்டேன். "மொடல் எப்படி, ஹாஜியார்?"

"நல்லா ஈக்கி மகன். வேலயத் தொடங்குங்க. ஆனா பிளேனத் தாள்லயும் கீறித் தாங்க. தாள் வெடிக்காது."

முதலாளி அதைப் பாதி ஓமாக எடுத்துக்கொண்டார். கொம்பியூட்டரும் நின்றது, டி-ஸ்குயரும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டடத்தையும் இரண்டு தரம் கீறினேன்.

இந்தத் தொழில்நுட்பம் நம் நாட்டில் பரவத் தடை என்னவென்று இளையவர்கள் கேட்கிறார்கள். விலை, பயிற்சி, கரண்ட் எல்லாம் உண்மைதான். என் தடை கட்டுகஸ்தோட்டையில் நின்றது. ஆகவே புதுச் சொல் எதையும் முதலில் பஸ்ஸில் கத்திப் பாருங்கள்.

நானும் பார்த்தேன். எக்ஸ்ப்ளோட்டுக்குப் பதிலாக இனி 'அவிழ்' என்போம் என்று ராஜுவிடம் சொல்லிவைத்தேன். அடுத்த கிழமை, அதே பஸ், அதே மோசமான லைன்.

"என்னடா, எல்லாத்தையும் அவிட்டுப் போட்டியோ?"

இம்முறை தமிழ் விளங்கியவர்கள் மட்டும் எழும்பிப் போனார்கள்.