செம்பில் போட்ட உப்பு

மெஹர் சிங் இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆனவர். சிம்லாவில் சட்டமன்றம் கூடாத நாட்களில், கிரி ஆற்றுக்கு மேலே உள்ள சரிவில் இஞ்சி போடுவார். மந்திரிகளிடமே குரலை உயர்த்துவார். ஆனால் ஒரு செடி மஞ்சளித்தால் வயலைவிட்டு நகரமாட்டார்.

காரணம் மனைவி ரத்னோவுக்கும் தெரியாது. முதல் தேர்தலுக்கு முன், பெரியப்பா மகன் ஜாலம் சிங்கின் வீட்டில், செம்புத் தண்ணீரில் உப்புக்கட்டியைப் போட்டுச் சத்தியம் செய்திருந்தார்.

"நீங்க நில்லுங்கண்ணே, நான் நிக்கல. சொன்னத மாத்துனா இந்த உப்பு மாதிரி கரைஞ்சு போறேன்."

பத்தே நாளில் கட்சி இவரைத் தேடி வந்தது. நின்றார், ஜெயித்தார். ஜாலம் ஊரில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதுதான் மெஹர் சிங்கைப் பயமுறுத்தியது.

மூன்றாவது தேர்தல் நெருங்கிய மழைக்காலத்தில் இஞ்சியில் அழுகல் விழுந்தது. பிடுங்கினால் கிழங்கு விரலிடுக்கில் கூழாக வழிந்தது. பக்கத்து வயல்களிலும் அதே நோய்தான். விவசாய அதிகாரி மருந்து எழுதிக் கொடுத்தார். மெஹர் சிங்குக்குத் தன் வயல் மட்டுமே கண்ணில் பட்டது. முதலில் கிழங்கு. அடுத்து எது கரையும்? மருமகளுக்கு ஏழு மாதம். அவள் படியிறங்கும்போதெல்லாம் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் மத்தியானம் ஜாலம் வீட்டுக்குப் போனார். ஜாலம் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எம்.எல்.ஏ. சாப், வழி தவறிட்டீங்களா?"

"அண்ணே, அந்த உப்ப எடுத்துடுங்க."

"கரைஞ்சத எப்பிடிடா எடுக்கிறது?"

மெஹர் சிங் மருமகளைப் பற்றிச் சொன்னார். ஜாலத்தின் கை நின்றது.

"நீ நின்ன அன்னிக்கே அந்தச் செம்பப் பரண்ல கவுத்து வச்சேன். இன்னும் தொடல. உன் வீட்ல யாராச்சும் தும்முனாக்கூட, என் வயித்தெரிச்சல்தானோன்னு எனக்குப் பயம்டா."

ஊர் தேவதை முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டு, இனி நிற்பதில்லை என்று அறிவிப்பது என முடிவானது. மெஹர் சிங் அப்படியே சொன்னார். தோல்விக்குப் பயந்தவன் கதை கட்டுகிறான் என்று கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். வயல் தேறவில்லை. பயமும் போகவில்லை.

மருமகளுக்கு வலி கண்ட காலையில் ஜாலம் வந்தார். கையில் துலக்கிய அதே செம்பு. முற்றத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து மருத்துவச்சி தண்ணீர் கேட்டாள்.

மெஹர் சிங் ஊற்றில் செம்பை நிரப்பிக்கொண்டு வாசல்வரை ஓடினார். அங்கே நின்றார். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். திரும்பி ஜாலத்திடம் நீட்டினார். அவரும் ருசி பார்த்துத் தலையசைத்த பிறகுதான் செம்பு உள்ளே போனது.