பாவு முடிந்ததும் அப்டேட்

என் அக்கா புருஷன் கோதண்டபாணி, எங்கள் பேச்சில் பாவா, பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்தவர். வீட்டின் பின்பாதி முழுக்க விசைத்தறிதான். அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்தவர் என்பதால் சத்தமில்லாத இடத்திலும் கத்தித்தான் பேசுவார். திருத்தணி மலையில் சாமி கும்பிடும்போது அவருடைய வேண்டுதல் பக்கத்து வரிசைக்குக் கேட்கும். போன பங்குனியில் ஒரு மதியம் தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான். இப்போது அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் வாங்கிய போன்.

அந்தப் போன் வரக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை.

அதற்கு முன்பு பாவாவிடம் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போன் இருந்தது. அதைச் செய்த கம்பெனியே அதை மறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் அவருக்கு நூல் கொடுக்கிறவருடைய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது: 'எங்கள் இல்லத் திருமணத்திற்கு அவசியம் வரவும்.' கூடவே பத்திரிகை என்று ஒரு ஃபைல். பாவா அழுத்தினார். போன் அனுமதி கேட்டது. கொடுத்தார். திரும்பவும் கேட்டது. திரும்பவும் கொடுத்தார்.

"எதுக்கு பாவா எல்லாத்துக்கும் ஓகே குடுத்தீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"பத்திரிகைய வெச்சிகினு ஒருத்தன் வாசல்ல நிக்கிறான் மச்சான். உள்ள வா, உக்காரு, தண்ணி குடின்னு சொல்ல மாட்டமா? அந்த மாதிரிதான் ஆங், ஆங்னு அழுத்திகினே போனேன்."

உள்ளே வந்து உட்கார்ந்தது திருட்டு ஆப். அந்தப் போனில் வங்கிக் கணக்கு எதுவும் இல்லாததால் திருடனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அது சும்மா போகவில்லை. பாவாவின் போனில் இருந்த எல்லா எண்களுக்கும், பாவா பெயரிலேயே, அதே பத்திரிகையை அனுப்பிவிட்டது.

அவர் மகள் புவனாவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜனத்தில் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் புருஷன் பெண்டாட்டி இருவருமாகத் தாம்பூலத் தட்டோடு வீட்டுக்குப் போய், குங்குமம் கொடுத்து, பத்திரிகை வைத்துக் கூப்பிட வேண்டும். அடுத்த தெருவில் இருந்தாலும் அப்படித்தான். போனில் கூப்பிட்டால் வராதே என்று சொன்ன மாதிரி. முதல் போன் நகரியிலிருந்து வந்தது. பாவாவின் அத்தை பங்காரு.

"ஏன்டா கோதண்டம், நான் செத்துட்டேனா?"

"இன்னா அத்தை இப்படிக் கேக்கிற?"

"பொண்ணு கல்யாணத்துக்கு என்னைப் போன்ல கூப்பிடுற. நகரி இன்னா அமெரிக்காவா? பஸ்ல ஏறினா ஒரு தூக்கம் தூங்க முடியாது."

"கல்யாணமே இல்ல அத்தை."

"அடப்பாவி. நின்னே போச்சா?"

பாவா பேசியது அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். அந்தப் பக்கம் பங்காரு அத்தை பேசியது நகரிக்கே கேட்டிருக்கும். மதியத்துக்குள் புவனாவின் கல்யாணம் நிச்சயமாகி, நின்றும் போயிருந்தது.

அந்த வாரம் முழுக்க பாவாவும் பத்மா அக்காவும் வீடு வீடாகப் போனார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். கல்யாணம் இல்லை என்று சொல்வதற்குத் தாம்பூலத்தோடு போனவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். தட்டு எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, "வெறுங்கையோட போய் சொன்னா அதுவும் போன்ல சொன்ன மாதிரிதான்" என்றாராம். சில வீடுகளில் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டார் எதைக் கேட்டு முறித்தார்கள் என்று விசாரித்தார்கள். புவனா முதல் இரண்டு நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் அரக்கோணத்தில் அவள் வேலை செய்யும் ஆபீசிலேயே ஒருத்தி வந்து துக்கம் விசாரித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வாரக் கடைசியில் பாவா தொண்டை கட்டிப்போய் என் வீட்டுக்கு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"மச்சான், என் பேர்ல இனிமே வேற எவனும் பேசக் கூடாது. புவனாவுக்கு நெஜமாவே ஒரு நாள் வரும். அன்னிக்கு நான் கூப்பிட்டா ஜனம் நம்பணும். அந்த மாதிரி ஒரு போன் வாங்கிக் குடு."

திருத்தணியில் ம.பொ.சி. சாலையில் அசோக்குமாரின் போன் கடைக்குப் போனோம். புவனாவும் வந்தாள். அசோக்குமார் எங்கள் பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு, அதற்குள் வரும் இரண்டு போன்களை எடுத்து வைத்தார். முதலில் தள்ளியது சிவப்புப் பெட்டியை.

"இதப் பாருங்கண்ணே. எட்டு ஜிபி ரேம். பறக்கும்."

"பறந்து எங்க போவும்?"

"கேம் ஆடலாம், ஒரே நேரத்துல பத்து ஆப் தொறந்து வெக்கலாம்."

"ஒரு ஆப் தொறந்துட்டு நான் பட்டது போதாதா?"

பாவா போனைக் கையில் வாங்கி, லுங்கியின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பது மாதிரி கட்டை விரலால் தேய்த்தார். "இதுல கஞ்சி எவ்ளோ?" என்று கேட்டார்.

அசோக்குமார் என்னைப் பார்த்தார்.

"துணி கடையில இருக்கும்போது கஞ்சியில மொடமொடன்னு நிக்கும். நாலு தண்ணி பாத்தாதான் தெரியும், சாயம் நிக்குதா இல்லையான்னு. இது எத்தினி வருஷம் நிக்கும்?"

"செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷத்துக்கு வரும்னு கேக்கறாருண்ணே" என்றாள் புவனா.

"அதெல்லாம் வந்துகினேதாம்மா இருக்கும்" என்று அசோக்குமார் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

புவனா தன் போனில் அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் தேடிப் படித்தாள். சிவப்புப் பெட்டிக்கு இரண்டு வருஷம் என்று போட்டிருந்தார்கள். அதுவும் நாம் வாங்கும் நாளிலிருந்து இல்லை. அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து. அது வந்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அப்போ பாதி வயசு உன் அலமாரியிலயே போயிடுச்சு" என்றார் பாவா.

இன்னொன்று நீலப் பெட்டி. நான்கு ஜிபி ரேம். புது மாடல், நான்கு வருஷம் அப்டேட். இரண்டையும் திறந்து, செட்டிங்ஸில் கடைசியாகச் செக்யூரிட்டி அப்டேட் ஆன தேதியைப் பார்த்தோம். சிவப்பில் பல மாதம் பழைய தேதி. நீலத்தில் போன மாதத் தேதி. ஆனால் நீலத்தில் கேமராவைத் திறந்தபோது அது வருவதற்குள் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள நேரம் இருந்தது.

எனக்குச் சிவப்புதான் பிடித்தது. "பாவா, ரேம் இவ்வளவு கம்மியா இருந்தா ரெண்டு வருஷத்துல தடுமாறும். அப்டேட் வர வர இன்னும் கனமாகும். நாலு வருஷம் வருதுன்னு சொல்லி, மூணாவது வருஷம் நீங்களே தூக்கிப் போட்டுட்டா?" என்றேன்.

"மாமா சொல்றதும் சரிதான் நைனா" என்றாள் புவனா. "இதுல வீடியோ கால் பேசினா உங்க வாய் முன்னாடி வரும், பேச்சு பின்னாடி வரும்."

"எவன் என் மூஞ்சியப் பாக்க அழுவுறான்?" பாவா தான் கட்டியிருந்த லுங்கியை நீல போனில் படம் எடுத்தார். வியாபாரிகளுக்குக் கட்டம் காட்டப் படம் அனுப்புவதுதான் அவருக்குப் போனில் முக்கிய வேலை. படம் வர நேரமானது. வந்த படத்தில் பச்சை பச்சையாகவும் மெரூன் மெரூனாகவும் இருந்தது. "மெதுவா வந்தா நின்னு திட்டிக்கலாம். திருடன் வந்தா யாரைப் போய்த் திட்றது? நீலத்தையே குடுப்பா."

வாங்கிய கையோடு மலைக்குப் போய்ச் சாமி முன்னால் வைத்து எடுத்தோம். சார்ஜ் போடும் ஓட்டைக்குள் விபூதி போய்விடாமல் பார்த்துக்கொண்டது மட்டும் என் பங்கு.

அதன் பிறகு பாவா போன இடமெல்லாம் அந்தப் போன் பேச்சுதான். "நாலு வருஷம். எவனும் உள்ள வர முடியாது" என்பார். பொதட்டூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் வெங்கடேசன், "பாவா போனைத் தொறக்கட்டும், அதுக்குள்ள நான் அடுத்த பால் காய்ச்சிடுறேன்" என்பார். "காய்ச்சு, காய்ச்சு. வேகமான போன் வெச்சிருக்கவன் எல்லாம் உன் கடையிலதானே நின்னுகினு இருக்கான்" என்பார் பாவா.

ஒரு வருஷம் போயிருக்கும். அம்மையார்குப்பத்திலிருந்து பிரேம்குமார் என்ற பையனின் ஜாதகம் வந்து பொருந்தியது. அவர்கள் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்கிறேன் என்று புவனா பாவாவின் போனை வாங்கினாள். எதற்கோ செட்டிங்ஸுக்குள் போனவள் தறி ஓடும் இடத்துக்கே வந்துவிட்டாள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"நைனா, கடையில பார்த்த அதே தேதி இருக்கு" என்று கத்தினாள். தறிக்கு மேல் கேட்க வேண்டுமே.

"எந்தத் தேதி?"

"செக்யூரிட்டி தேதி. ஒரு அப்டேட் கூட நீங்க போடல."

"வந்துகினுதான் இருக்குது. 'பிறகு'ன்னு ஒண்ணு கீழ இருக்கும். அத அழுத்திடுவேன்."

"எதுக்கு?"

பாவா அவளைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "பாவு ஓடிகினு இருக்கும்போது எவனாவது தறியில கைய வெப்பானா?"

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு பாவு ஏறிவிட்டால் அது நெய்து தீரும்வரை தறியில் எதையும் மாற்றுவதில்லை. மாற்றினால் துணியில் அந்த இடம் தெரியும். ரிப்பேர், எண்ணெய், புது அச்சு, எல்லாமே பாவு முடிந்த பிறகுதான். போனும் அவருக்கு ஓடுகிற ஒரு சாமான். படம் போய்க்கொண்டும் ஆர்டர் வந்துகொண்டும் இருக்கும்போது அதை நிறுத்தி உள்ளே எதையோ மாற்றுவதாவது?

"சரி, பாவு எப்போ முடியும்?" என்றாள் புவனா.

பாவா தறியைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தறியில் பாவு முடிவதே இல்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும். பழைய பாவின் நுனி தீரும்போது புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு முடிச்சுப் போட்டுப் பிணைத்துவிடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்து அந்தத் தறி நூலில்லாமல் நின்றதில்லை.

"இத்தனை நாளா கதவு வாங்கி வெச்சிட்டுத் தாழ்ப்பாளே போடாம தூங்கியிருக்கீங்க நைனா. திரும்பவும் எவனாவது உங்க பேர்ல பத்திரிகை அனுப்பினா? அதுவும் இப்போ?"

அந்தக் கடைசி வார்த்தை அவரைத் தொட்டது. தறியை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் எல்லாருக்கும் காது அடைத்த மாதிரி இருந்தது.

"பிணைக்கிற அன்னிக்கு அரை நாள் தறி நிக்கும் இல்ல? அன்னிக்குப் போட்டுடலாம்" என்றார். "இந்தப் பாவு முடியட்டும்."

புவனா விட்டுவிட்டாள். அந்தப் பாவு முடிவதற்குள் பங்குனி வந்துவிட்டது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அக்கா தறியை ஓட்ட ஆரம்பித்தாள். பகலில் பாதி நேரம் எப்போதும் அவள் ஓட்டுவதுதான். அவர் விட்ட இடத்திலிருந்து மிச்சப் பாவை அவளே நெய்து முடித்தாள். பாவு பிணைக்கிற வரலட்சுமி வந்த அன்று என்னை வரச் சொல்லியிருந்தாள். நான் போனபோது தறி நின்றிருந்தது. வரலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்து இழைக்கு இழை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அலமாரியிலிருந்து பாவாவின் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"டேய் விஜி, தறி நிக்குது. அதை இப்பப் போட்டுடு."

போட்டேன். ஒரு பட்டை மெல்ல நகர்ந்தது. பிறகு திரை இருண்டது. அக்கா எட்டிப் பார்த்தாள். வரலட்சுமியும் முடிச்சை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"போயிடுச்சா?" என்றாள் அக்கா.

"வரும்க்கா."

"வரட்டும், வரட்டும். அவரு வாங்கினது. எதுக்கும் அவசரப்படாது."

வந்தது. வந்ததும் அடுத்ததைக் கேட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவை வரிசையில் நின்றன. கடைசி முடிச்சு விழும் நேரத்துக்கு அந்த மாதத் தேதி வந்தது. அக்கா அதைத் தானே படித்துப் பார்த்தாள். பிறகு தறியை ஓட்டிவிட்டாள்.

வருஷத்துக்குள் நடத்திவிடுவது நல்லது என்று பெரியவர்கள் சொன்னதால் புவனாவுக்கும் பிரேம்குமாருக்கும் ஆவணியில் முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள். பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று இருக்கிறது. முதல் பத்திரிகையை நகரிக்குத்தான் கொண்டு போனோம், நானும் அக்காவும். தட்டை நான் பிடித்திருந்தேன். அக்கா படிக்கட்டிலேயே நின்றாள், உள்ளே போகலாமா என்று. பங்காரு அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தட்டிலிருந்த பாக்கு உருண்டது.

"வாசல்ல நிக்கறதுக்கு நீ இன்னா தபால்காரியா? உள்ள வா."

பத்திரிகையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கடைசி வரை படித்தார். பாவாவின் பெயர் இருந்த வரியை மட்டும் இரண்டாம் முறை படித்தார்.

"போன்ல அனுப்பலையா?" என்றார்.

"இல்ல அத்தை. உங்களுக்குப் போய் அனுப்புவமா?"

"அனுப்புடி. நேர்லதான் வந்துட்டீங்களே. பக்கத்து வீட்ல கேட்டா காட்டறதுக்கு வேணும்."

அக்கா பாவாவின் போனைப் பையிலிருந்து எடுத்தாள். பத்திரிகையைப் படம் எடுத்தாள். கேமரா திறக்க நேரமானது. படம் போகவும் நேரமானது. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்ன வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜன்னலோரம் இருந்த பங்காரு அத்தையின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். மேலே 'கோதண்டம்' என்று இருந்தது. கீழே, பத்திரிகை.

யோசிக்கவே இல்லை. அழுத்தினார்.