இருபது ஃபிரேம் தாமதமாக மின்னிய பதக்கம்

நகைக்கடை விளம்பரத்தின் பதக்கம் திரையில் சுழன்று வந்து நின்றது. மேளம் அடித்தது. பதக்கத்தின் கல் மின்னவில்லை. மேனேஜர், பீட்டர், நான், மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். முக்கால் நொடி கழித்து, யாரோ தட்டி எழுப்பியதுபோல் கல் மின்னியது.

"ஸ்டெல்லா, உங்க கீ தப்பு," என்றார் பீட்டர். எங்கள் ஸ்டூடியோவுக்கு அந்த மென்பொருளை விற்ற கம்பெனி அனுப்பிய ஆள் அவர். சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இப்போது இந்த வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அன்றைய நிலைமையைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் பிற்பகுதி. சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் கீழே கடை உள்ள ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் ஸ்டூடியோ. புக்கிட் மேராவிலிருந்து பஸ் ஏறி வருவேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பிறகு படத்தாள்களை ஒவ்வொன்றாகக் கேமராவின் கீழ் வைத்துப் படம் எடுக்கும் வேலைக்கு மாறி, கடைசியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவள் நான். ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம்; பொருள் எந்த ஃபிரேமில் எங்கே இருக்க வேண்டும் என்று குறிக்கும் கீஃபிரேம், சுருக்கமாகக் கீ, வைப்பது என் வேலை. எப்போது மின்ன வேண்டும், எப்போது விளக்கு மாற வேண்டும் என்ற கட்டளைகள் ஸ்கிரிப்ட் என்னும் தனிக் கோப்பில் இருக்கும். அது பீட்டரின் பொறுப்பு. கீ வைப்பவர் ஸ்கிரிப்டைத் தொடக் கூடாது. இதுதான் சட்டம்.

தடை செய்யப்பட்ட தாள்

கேமரா வேலையில் நாங்கள் ஒரு தாள் வைத்திருப்போம். கோடு போட்டு, ஒவ்வொரு வரியிலும் ஒரு ஃபிரேம் எண், பக்கத்தில் அங்கே என்ன நடக்கிறது என்ற குறிப்பு. கம்ப்யூட்டர் வந்த முதல் நாளே எங்கள் மேனேஜர் செல்வநாயகம் சார் அந்தத் தாள்கட்டைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். எதையும் குரல் உயர்த்தாமல் சொல்லுவார், ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"இனிப் பேப்பர் வேண்டாம் பிள்ளை. எல்லாம் மெஷின் ஞாபகம் வைச்சிருக்கும்."

அவர் போனதும் அந்தத் தாள்கட்டை எடுத்துத் தூசி தட்டி விசைப்பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தினமும் எழுதினேன். இடப்பக்கம் என் கீ, வலப்பக்கம் கட்டளை உண்மையில் நடந்த ஃபிரேம்.

அன்றைக்கும் எழுதியிருந்தேன். விளம்பரத்தில் மேளம் மூன்று இடத்தில் அடிக்கிறது: நான்காவது நொடி, ஆறாவது, எட்டாவது. நம் தொலைக்காட்சிக்கு நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். ஆகவே என் கீ 100, 150, 200. கல் மின்னியதோ 120, 180, 240. தாமதம் இருபது, முப்பது, நாற்பது. என் கை தவறியிருந்தால் தாமதம் இப்படி ஒழுங்காக ஏறுமா? வேறு யாரோ நொடியை வேறு மாதிரி எண்ணுகிறார்கள் என்று புரிந்துவிட்டது.

தாளை எடுத்துக்கொண்டு போய்ச் சாரிடம் காட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவே இல்லை. தாளைத்தான் பார்த்தார்.

"இதை நான் நிப்பாட்டச் சொன்னனான் எல்லே?"

"சார், கீ சரி. ஸ்கிரிப்டைப் பாக்கச் சொல்லுங்க."

"பீட்டர் படிச்ச ஆள். மூண்டு மணிக்கு நகைக்கடைக்கார அம்மா வந்திடுவா. அதுக்குள்ள கீயை நகர்த்தும். இல்லாட்டில் நாளையிலிருந்து நீர் திரும்பவும் டைப்பிங்தான்."

"நகர்த்த மாட்டேன் சார்."

இப்படி ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன் எந்த மேலதிகாரியிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பீட்டரே என் கீயின் நகலை எடுத்து மூன்றையும் 120, 180, 240க்கு நகர்த்தினார். பதக்கம் நிற்பதும் கல் மின்னுவதும் ஒட்டிவிட்டன. மேளம் பதிவான பாட்டுக் கேசட்டைப் போடாமலே ஓட்டிப் பார்த்து, "ஓகே லா," என்று அவரும் சாரும் ரேஸ்கோர்ஸ் சாலைக்கு மீன்தலைக் கறி சாப்பிடப் போனார்கள்.

நான் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை ஒரு கையால் பிரித்துக்கொண்டு, மறு கையால் ஸ்கிரிப்டைத் திறந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. முதல் வரியிலேயே இருந்தது: நொடிக்கு 30. அமெரிக்கத் தொலைக்காட்சியின் கணக்கு. மென்பொருள் அந்த ஊரிலிருந்து வந்தபடியே இருந்தது, யாரும் மாற்றவில்லை. அதனால்தான் நான்காவது நொடியை அது 120ஆவது ஃபிரேம் என்று எண்ணியிருந்தது. 30ஐ 25 ஆக்கினேன். என் பழைய கீயோடு சேர்த்துத் தனிக் கோப்பாக வைத்தேன்.

மூன்று மணி

நகைக்கடைக்காரக் கமலம் அம்மா வந்தார். கை நிறைய வளையல். சார் பீட்டரின் கோப்பை ஓட்டி, கூடவே கேசட்டையும் தட்டினார். மேளம் விழுந்தது, பதக்கம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"என்ன தம்பி இது? மேளம் அடிச்சு ஓஞ்சப்புறம் கல்லு முழிக்குது. என் கடைச் சாமான் அவ்வளவு சோம்பேறியா?"

சார் பீட்டரைப் பார்த்தார். பீட்டர் கேசட்டைப் பார்த்தார். நான் எழுந்து, "இன்னொண்ணு இருக்கும்மா," என்று என் கோப்பை ஓட்டினேன்.

மூன்று மேளம், மூன்று மின்னல். கமலம் அம்மா வளையல் கையால் மேசையில் தாளம் தட்டினார். "இது. இதத்தான் நான் கேட்டேன்." சாருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் என் மேசையில் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. அனுமதியில்லாமல் ஸ்கிரிப்டைத் திருத்தியது குற்றம். கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே, "முதல் வரி, 30 தவறு, 25 சரி" என்றும் எழுதினேன். டைப்பிங்குக்கு என்னை அனுப்பவில்லை. அனுப்பினால் அடுத்த விளம்பரத்துக்கு யார் கீ வைப்பது?

கீயும் கட்டளையும் ஒட்டவில்லை என்றால், பிள்ளைகளே, எது நகர்த்தச் சுலபமோ அதை நகர்த்தாதீர்கள். எது தவறோ அதைத் திருத்துங்கள். அதற்கு முன் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வாய்ப்பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

சில வாரம் கழித்து ஒரு தாள்கட்டு அச்சாகி வந்தது. இடப்பக்கம் கீ, வலப்பக்கம் கட்டளை. என் தாளேதான். எல்லாரும் இனி இதில் எழுத வேண்டும் என்று உத்தரவு. அடியில் சின்ன எழுத்தில், வடிவமைப்பு: பீட்டர்.

ஒவ்வொரு தாளிலும் அந்தப் பெயரை அடித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினேன். சார் ஒரு நாள் வந்து நின்றார்.

"ஏன் இப்பிடி வெட்டுறீர்?"

"அன்னைக்கு எண்ணு தப்பா இருந்துச்சு, திருத்தினேன். இப்ப பேரு தப்பா இருக்கு சார்."

அவர் அந்தத் தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கட்டு அச்சாகி வந்தபோது அந்த இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடு மட்டும் இருந்தது. பேனாவை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டேன்.