ஒடெரா ஓய்வு பெற்ற நாள்

கென்யாவில் எங்கள் சியாயா ஊரில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன் ஒடெரா. உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் வயது வந்த எல்லோருக்கும் மாதாமாதம் பணம் என்று ஒரு தொண்டு நிறுவனம் அறிவித்து, முதல் மாதப் பணம் செல்போனில் வந்து விழுந்த அன்றே, இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று மேதாவி, மாமரத்தடியில் கால் நீட்டிப் படுத்துவிட்டான்.

மதியத்துக்குள் மரத்தைச் சுற்றி சவாரி கேட்டு ஒன்பது பேர். இத்தனை நாள் சந்தைக்கு நடந்தே போனவர்கள். தனக்கு வந்த பணம் அவர்களுக்கும் வந்திருக்கும் என்று அவன் யோசிக்கவே இல்லை.

ஓட்டி ஓட்டி இடுப்பு ஒடிந்தது. கடைசியாக ஏறியவள் அவன் மனைவி அவினோ. வழக்கம்போல் புலம்ப ஆரம்பித்தான். அவள் ஐம்பது ஷில்லிங்கை அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"ஓசியில வந்தப்போ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். இப்போ கூலி குடுத்துட்டேன். வாய மூடிட்டு ஓட்டு."