திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒரு டிவி

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில் ஒரே ஒரு பிளக் பொயின்ற்தான் இருந்தது. அது இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே. அதில் குத்தியிருந்த சிவப்பு பல்ப் இரவும் பகலும் எரியும். துறைமுகத்தில் வேலைசெய்த அப்பா மத்திய கிழக்குக்குப் போன அன்று அம்மா ஆண்டவருக்கு வைத்த நேர்த்தி அது. "உங்கட அப்பா திரும்பி வந்து இந்தப் படி மிதிக்குமட்டும் ஒருத்தரும் இதில கை வைக்கக்கூடாது" என்று எனக்கும் தம்பிக்கும் சொல்லியிருந்தார். கரண்ட் போனால் மெழுகுதிரி கொளுத்துவார். கரண்ட் போவது ஆண்டவர் பாடு, நாங்கள் கழற்றினால்தான் நேர்த்தி முறியும் என்பது அம்மாவின் சட்டம்.

இரண்டாம் வருஷம் அப்பா டிவி அனுப்பினார். அவரோடு வேலைசெய்த ஒருவர் லீவில் வந்தபோது கொண்டுவந்து இறக்கினார். எங்கள் ஒழுங்கைக்கு வந்த முதல் கலர் டிவி. ஒழுங்கையே வாசலில் நின்றது. கூரையில் ஏறி ஏரியலைக்கூடக் கட்டிவிட்டார்கள். பிறகுதான் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். வந்தவர் பல்ப்பைக் கழற்றக் கையை நீட்ட, அம்மா போட்ட சத்தத்தில் மனுஷன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மருதானையிலிருந்து வயரிங் வேலை செய்யும் பாஸ் ஒருவர் வந்து பார்த்தார். வயர் பழசு, இரண்டையும் ஒன்றாகத் தாங்காது, புதிதாக இழுக்கவேண்டும், அடுத்த கிழமை வருகிறேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

டிவி பூப்பின்னல் துணியைப் போர்த்தபடி படத்துக்குக் கீழேயே இருந்தது. ஒவ்வொரு மாலையும் அதன் முன்னால் முழந்தாளிட்டுத்தான் செபமாலை சொன்னோம். "என்ன, உங்கட டிவிக்குக் காய்ச்சலோ? போர்த்தியே வச்சிருக்கிறீங்க" என்று பக்கத்து வீட்டு அன்ரி என்னைக் காணும்போதெல்லாம் கேட்பார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா? அப்பாவும் விடவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அதே கேள்வி: "படம் வடிவாத் தெரியுதா?" அம்மா அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கடிதத்தை மடித்து வைப்பார்.

எனக்குப் பதினொரு வயது. கோபம் இன்றைக்கும் மூக்கு நுனியில்தான். அன்றைக்கு இன்னும் மோசம். டிவியை வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பது என்ன பைத்தியக்காரத்தனம்! செவ்வாய்க்கிழமைகளில் அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போவார். ஒரு செவ்வாய் வயிற்றுக்குத்து என்று சொல்லி வீட்டில் நின்றேன். "அரை மணித்தியாலந்தான் ஆண்டவரே" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு பல்ப்பைக் கழற்றினேன். முதலில் திரை முழுக்கப் புள்ளிகள் இரைந்தன. பிறகு சேலை உடுத்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சேலையின் பச்சை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அம்மாடி, அவ்வளவு சந்தோஷம் எனக்கு! அவர்கள் வருவதற்குள் நிற்பாட்டி, துணியைப் போர்த்தி, பல்ப்பைக் குத்திவிட்டேன்.

அப்படி நாலு செவ்வாய். நாலாம் செவ்வாய் கழிந்து சனிக்கிழமை தந்தி வந்தது. வியாழக்கிழமை பின்னேரம் வேலைத்தளத்தில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து அப்பா இறந்துபோனார்.

நான் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டேன். செவ்வாய் நான் கழற்றினேன், ஆண்டவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்பாவைக் கொன்றது நான்தான் என்று முழுக்க நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூட.

மூன்று கிழமைக்குப் பிறகு சவப்பெட்டி வந்தது. கூடவே அப்பாவின் சாமான்கள் அடங்கிய ஒரு சூட்கேசும் வந்தது. அதுவரைக்கும் பல்ப் எரிந்தது. அப்பா படியை மிதிக்கவில்லை. ஆறு பேர் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெட்டியை இறக்கியதும் அம்மா நேரே போய் பிளக்கைக் கழற்றினார். டிவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு டிவியை யாரோ தூரத்துச் சொந்தத்துக்குக் கொடுத்துவிட்டார். அதை எனக்குக் கிடைத்த தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது வெள்ளவத்தையில் என்னுடைய ஃபிளாட்டில் அம்மா இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. குசினியில் சமையல் மேடைக்கு மேலே மட்டும் ஐந்து பிளக் பொயின்ற். சுவரில் பெரிய டிவி ஓடும். அம்மா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். கண் வலிக்குதாம்.

போன மாதம் அம்மாவின் அறையில் மாதா சுருவத்தடியில் இருக்கும் பல்ப் எரிந்து போனது. நான் மாற்றப் போனேன். "முதல்ல பிளக்கைக் கழட்டு, பிள்ளை" என்றார் அம்மா. என் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குள் என்ன உடைந்ததோ தெரியாது, நாலு செவ்வாயையும் ஒன்று விடாமல் சொல்லி, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

"நானும் கழட்டினனான்" என்றார் அம்மா.

"எப்ப?"

"ஒரே ஒருநாள். அந்த வியாழக்கிழமை. நீங்க ரெண்டு பேரும் டியூஷன் போயிருந்தனீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது வருஷம்! ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு! "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"நீ சொன்னியா?" என்றார் அம்மா.

"உங்களுக்குமா டிவி பாக்க ஆசை வந்தது?" என்று கேட்டேன்.

"ஆசையில்ல. கடிதத்துக்குக் கடிதம் கேட்டுக்கொண்டிருந்தார், படம் வடிவாத் தெரியுதா எண்டு. இன்னும் போடேல்ல எண்டு எழுதினா மனுஷன் உடைஞ்சு போவார். தெரியுது எண்டு பொய் எழுத எனக்கு மனம் வரேல்ல. அதுதான் ஒருக்காப் போட்டுப் பாத்தனான்."

"தெரிஞ்சுதா?"

"வடிவாத் தெரிஞ்சுது. அண்டைக்கே எழுதிப் போட்டன்."

பல்ப்பை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கடிதம் அவரிட சூட்கேசுக்குள்ள இருந்தது. ஆரும் உடைக்கேல்ல."