புலி நீர்வீழ்ச்சி

தென்காசி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு டைப்பிங் கடை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களின் கட்டுரைகளை அடித்துக் கொடுத்துத்தான் பிழைப்பு. அடிப்பதில் பாதி புரியாது. புரியாததால் பயமும் அதிகம்.

வடகரையிலிருந்து ஒரு டீச்சர் வருவார். குற்றாலத்துச் சீசன் கடைக்காரர்களைப் பற்றி ஆராய்ச்சி. அவருடைய கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. பாதி வரிகள் ஏற்கெனவே வேறோர் இதழில் வந்தவையாம், விளக்கம் கேட்டிருந்தார்கள். இந்தக் கட்டுரை அச்சானால்தான் அவர் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். எனக்கோ, கடைக் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போவார்களோ என்று பயம். அந்த இன்னொரு இதழில் எழுதியவர் யாரென்று பார்த்தால், இதே டீச்சர். அதை அடித்தவனும் நான்தான்.

“எங்க வீட்டுத் தேங்காய நானே பறிச்சா களவா, அண்ணாச்சி?” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வார்த்தைகளை மாற்றிவிட்டால், ஒரே மாதிரி வரிகளைத் தேடும் மென்பொருளால் கண்டுபிடிக்க முடியாது என்று கூடப் படிப்பவர்கள் சொன்னார்களாம். வியாபாரி வணிகர் ஆனார். ‘அருவி’ வந்த இடமெல்லாம் ‘நீர்வீழ்ச்சி’ என்று ஒரே தட்டில் மாற்றச் சொன்னார், மாற்றினேன். அனுப்பினோம்.

அடுத்த வாரம் டீச்சர் கடையில் இருக்கும்போதே இதழாசிரியர் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டார் டீச்சர்.

“நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். புலி அருவில குளிச்சிருக்கேன். இந்தப் புலி நீர்வீழ்ச்சி எங்கனம்மா இருக்கு?”

எழுதியதையே மறுபடி கொடுத்தது தப்பு, அதை மறைக்கப் பார்த்தது பெரிய தப்பு என்றார் இதழாசிரியர். பழைய வரிகளில் வேண்டியதை மட்டும் மேற்கோளுக்குள் வைத்து, எங்கே வந்ததென்று சொல்லி, மீதியைப் புதிதாக எழுத வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவைதான் பார்ப்பாராம்.

டீச்சர் மறுபடி ஐந்தருவிக்குப் போய்க் கடைக்காரர்களிடம் பேசிப் புதிதாக எழுதி வந்தார். நான் நீர்வீழ்ச்சிகளை அருவிகளாக்கினேன். ஓரிடத்தில் டீச்சரின் பெயரைப் போட்டு, ‘இவர் முன்பே கூறியதுபோல’ என்று எழுதியிருந்தது. கை நின்றுவிட்டது. இந்த ‘இவர்’ வேறு ஆளா, நீங்கதானா என்று கேட்டேன்.

“நான்தான். சும்மா அடிங்க அண்ணாச்சி, எனக்கே ஒரு மாதிரி இருக்கு.”

கட்டுரையை அச்சுக்கு எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் அல்வாவோடு வந்தார். அன்றைக்கு ஆகாத வரிகள் இன்றைக்கு இரண்டு மேற்கோள் குறிகளுக்குள் நின்றதும் எப்படி ஆயின என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அல்வாவைத் தின்றேன்.